குண்டுவீச்சு விமானங்களில் தபாலும் பயணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய விமானங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் ஒரு பெரிய பங்கு, போருக்காகச் செய்த விமானங்கள் போர் முடிந்ததும் எப்படிப் பயணிகளையும் தபாலையும் சுமந்தன என்பது பற்றியது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

குண்டு போடுற விமானத்துல நிஜமாவே ஆளுங்களை ஏத்திக்கிட்டுப் போனாங்களா?

ஆமாம், டிக்கெட் விற்று, நேர அட்டவணை போட்டுத்தான். இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் இது நடந்தது. முதல் போருக்குப் பின் டி.எச்.4, ஹேண்ட்லி பேஜ் ஓ/400, பிரெஞ்சுக்காரர்களின் பிரெகே 14. இரண்டாம் போருக்குப் பின் லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ், லிபரேட்டர், பி-17. இவற்றில் சில போர் நடந்துகொண்டிருக்கும்போதே மாற்றப்பட்டுவிட்டன.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விமானங்கள் தபாலுக்கு அருமையாகப் பொருந்தின. மனிதர்களுக்குப் பொருந்தவே இல்லை. கீழே வரும் பாதி பதில்கள் இந்த ஒரு விஷயத்தில் வந்துதான் நிற்கும்.

இதை முதல்ல ஆரம்பிச்சது யாரு?

ஒரே ஒருவரைக் கைகாட்ட முடியாது. 1919இல் ஐரோப்பா முழுக்க ஒரே நேரத்தில் கிளம்பிய வேலை இது. பிப்ரவரி 8 அன்று பாரிசுக்கு அருகிலிருந்து ஒரு ஃபார்மன் கோலியாத் 12 பேரோடு லண்டன் பக்கம் பறந்தது. குண்டுவீச்சுக்காகத் திட்டமிட்டு, போர் முடிந்துவிட்டதால் பயணிகள் விமானமாகிப்போன வடிவம் அது. ஆகஸ்ட் 25 அன்று லண்டன்–பாரிஸ் தினசரிச் சேவை ஒரு டி.எச்.4ஏ விமானத்தோடு தொடங்கியது. அதில் போனது ஒரே ஒரு பயணி, ஒரு பத்திரிகைக்காரர். கூடவே செய்தித்தாள் கட்டுகளும் கொஞ்சம் பாலாடையும் வேட்டைப் பறவைகளும்.

அந்த டி.எச்.4ஏவில் இரண்டே இருக்கைகள், எதிரெதிராக. முன்பு துப்பாக்கிவீரர் நின்ற குழிக்கு மேல் கண்ணாடிக் கூரை போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். பெரிய ஓ/400இலோ மூக்கில் இருந்த துப்பாக்கிக் குழியையும் வீணாக்கவில்லை. அதில் இரண்டு பயணிகள் திறந்தவெளியில், காற்று முகத்தில் அறைய உட்கார்ந்து போனார்கள். அதே ஹேண்ட்லி பேஜ் நிறுவனம்தான் 1919 அக்டோபரில் மூன்று ஷில்லிங்குக்கு உணவுக்கூடை விற்றது. விமானத்தில் சாப்பாடு என்ற வழக்கம் அங்கிருந்துதான் வருகிறது.

தபாலுக்கு மட்டும் ஏன் அவ்வளவு நல்லா இருந்துச்சு?

தபால் மூட்டைக்கு ஜன்னல் வேண்டாம், கழிவறை வேண்டாம், குளிராது, காது அடைக்காது. சின்ன இடத்தில் நிறைய எடை. குண்டும் அப்படித்தானே? சின்ன இடத்தில் நிறைய எடையை வெகுதூரம் தூக்கிப் போகத்தான் அந்த விமானத்தையே வடிவமைத்தார்கள்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்கத் தபால் துறையின் டி.எச்.4. போர்க்கால வடிவத்தில் விமானிக்கும் பின்னால் இருப்பவருக்கும் நடுவில் பெட்ரோல் தொட்டி இருந்தது. விழுந்து மோதினால் முன்னால் எஞ்சின், பின்னால் தொட்டி, நடுவில் விமானி. எரியும் சவப்பெட்டி என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். தபாலுக்கு மாற்றும்போது விமானியைப் பின் இருக்கைக்கு நகர்த்தினார்கள். முன்பு அவர் இருந்த குழியை மூடி போட்டு, தண்ணீர் புகாத தபால் பெட்டியாக்கினார்கள். சுமார் 400 பவுண்டு கடிதம் அதில் அடங்கும். ஒரே மாற்றத்தில் தபாலுக்கும் இடம், விமானிக்கும் உயிர் பிழைக்க ஒரு வாய்ப்பு. இந்த ஒரு வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1921 பிப்ரவரியில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க்குக்கு இரவும் பகலும் நிற்காமல் தபாலைக் கைமாற்றிக் கைமாற்றி 33 மணி 20 நிமிடத்தில் கொண்டுசேர்த்தார்கள். நடுவே ஜாக் நைட் என்ற விமானி நார்த் பிளாட்டிலிருந்து ஒமாஹாவுக்கு வந்தார். அங்கிருந்து கிளம்ப வேண்டிய மாற்று விமானி வராததால், தனக்குப் பழக்கமே இல்லாத சிகாகோ வழியையும் ராத்திரியில் அவரே ஓட்டினார். வழியில் ஊர்க்காரர்கள் தீ மூட்டி வைத்து வழிகாட்டினார்கள்.

பாலைவனத்துல தபால் கொண்டுபோன பிரெஞ்சு விமானம்னு சொல்றாங்களே, அதுவும் இதே கதையா?

அதே கதைதான். பிரெகே 14 போரில் குண்டும் போட்டது, வேவும் பார்த்தது. போர் முடிந்ததும் துலூஸ் நகரத்து லாத்தேகோவேர் நிறுவனம் அவற்றை வைத்து ஸ்பெயின், மொராக்கோ, பிறகு 1925இல் காசாபிளாங்கா–டாக்கர் வரை தபால் வழி போட்டது. சகாரா ஓரத்தில் எஞ்சின் நின்றுவிட்டால் ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காக இரண்டு இரண்டு விமானங்களாகப் பறந்தார்கள். உள்ளூர் மொழி தெரிந்த ஒருவரையும் கூட்டிப்போவார்கள், அவருக்குத் தபால் மூட்டைதான் இருக்கை. மெர்மோஸ் என்ற விமானி 1926இல் அங்கே பாலைவனப் பழங்குடியினரிடம் பிடிபட்டு, பணம் கொடுத்து மீட்கப்பட்டார்.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் புதுசாவே பயணிகள் விமானம் செஞ்சிருக்கலாமே?

செய்ய ஆசைதான், பிரிட்டனிடம் வடிவமே கையில் இல்லை. போர்க்காலத்தில் அதன் தொழிற்சாலைகள் குண்டுவீச்சு, சண்டை விமானங்களிலேயே மூழ்கிக் கிடந்தன. பெரிய போக்குவரத்து விமானங்கள் அமெரிக்காவிலிருந்து வந்தன. போருக்குப் பின் என்ன செய்வது என்று யோசிக்க 1942 டிசம்பரிலேயே பிராபசன் குழுவை அமைத்தார்கள். ஆனால் காகிதத்தில் இருக்கும் விமானம் ஓடுபாதைக்கு வரப் பல வருடம் ஆகும். அதுவரை? லங்காஸ்டர் 7,377 கட்டப்பட்டிருந்தது. அச்சுகள் தயார், எஞ்சின் தயார், அதை ஓட்டத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். கையில் இருப்பதை வைத்துச் சமாளித்தார்கள்.

லங்காஸ்டர்னு சொல்றீங்க, லங்காஸ்ட்ரியன்னும் சொல்றீங்க. ரெண்டும் ஒண்ணா?

லங்காஸ்டரின் பயணிகள் வடிவம்தான் லங்காஸ்ட்ரியன். வேலை கனடாவில் தொடங்கியது. 1943 ஜூலையில் துப்பாக்கியெல்லாம் கழற்றிய ஒரு லங்காஸ்டர், மான்ட்ரியால் பக்கத்து டார்வலிலிருந்து ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்குக்கு நிற்காமல் 12 மணி 26 நிமிடத்தில் பறந்தது. போர்வீரர்களுக்கான தபால் போக்குவரத்து அது. பிறகு ஆவ்ரோ நிறுவனமே இங்கிலாந்தில் இதைக் கட்டத் தொடங்கியது. மாற்றியவற்றையும் சேர்த்து மொத்தம் 91.

துப்பாக்கிக் கூண்டுகளை எடுத்துவிட்டு மூக்கையும் வாலையும் உலோகத் தகட்டால் கூராக மூடினார்கள். மேல்பூச்சையும் கவசத்தையும் நீக்கினார்கள். பத்து மீட்டர் நீளமுள்ள குண்டு அறையில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளை வைத்தார்கள், மிச்ச இடத்தில் சாமான். அதனால் ஒரே மூச்சில் 6,600 கிலோமீட்டர் வரை பறந்தது. 1945இல் இந்தத் தூரத்தை இந்த வேகத்தில் எட்ட பிரிட்டனிடம் வேறு எதுவும் கிடையாது.

உள்ள உக்காந்தா எப்படி இருந்திருக்கும்?

நீள வழித்தடத்தில் ஒன்பதே பயணிகள். ரயிலில் மேல் படுக்கை, கீழ் படுக்கை இருப்பதுபோல யோசித்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லோரும் பக்கவாட்டில் வரிசையாக, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். ராத்திரியில் அதையே படுக்கையாக்கினால் ஆறு பேர் படுக்கலாம். ஒன்பது பேருக்கு ஆறு படுக்கை! லங்காஸ்டரின் உடல் ஒடுக்கமானது. குண்டுக்காரர்கள் குனிந்து நடந்த இடம் அது. இறக்கைகளைத் தாங்கும் குறுக்கு உத்தரங்கள் உடலின் நடுவே போகின்றன. போர்க்காலத்தில் குழுவினர் அவற்றின்மேல் ஏறித் தாண்டித்தான் முன்னும் பின்னும் போய்வந்தார்கள். அந்த உத்தரத்தை எடுத்தால் இறக்கை கழன்றுவிடும், ஆகவே அது இருந்த இடத்திலேயே இருந்தது.

கேபினுக்குள் காற்றழுத்தம் கிடையாது. உயரம் போனால் ஆக்சிஜன் முகமூடி மாட்ட வேண்டும். நான்கு மெர்லின் எஞ்சின்களின் இரைச்சல் மணிக்கணக்கில் காதில் அறைந்துகொண்டே இருக்கும். இதில் மூன்று நாள். இருந்தும் ஆட்கள் போனார்கள், ஏனென்றால் போருக்கு முன் கடல்விமானத்தில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போக ஒன்பது, பத்து நாள் ஆகும்.

இலங்கை வழியா இந்த விமானங்கள் போச்சுன்னு கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மை, அதுவும் முக்கியமான பங்கு. 1942இல் ஜப்பான் சிங்கப்பூரைப் பிடித்ததும் ஆஸ்திரேலியாவுக்கான வான்வழி அறுந்துபோனது. 1943 ஜூலை 10 முதல் குவாண்டாஸ் நிறுவனம் காட்டலினா விமானங்களை பெர்த் நகரத்து ஆற்றிலிருந்து காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கு ஓட்டியது. காட்டலினாவும் அடிப்படையில் கடலைக் கண்காணித்துக் குண்டு போடும் விமானம்தான். சுமார் 5,600 கிலோமீட்டர், எங்கும் இறங்காமல். 27 மணியிலிருந்து 33 மணி வரை ஆகும். வானத்திலேயே இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம். அதனால் இரட்டைச் சூரியோதயப் பயணம் என்றே பெயர் வந்தது, பயணிகளுக்கு அதற்கொரு சான்றிதழும் கொடுத்தார்கள். எரிபொருளே பெரும் எடை ஆகிவிட்டதால் மூன்று பயணிகளும் 69 கிலோ தபாலும்தான். எதிரி காதில் விழாதபடி ரேடியோவை அடக்கிவைத்து, நட்சத்திரங்களைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். 1945 ஜூலை வரை 271 முறை கடந்தார்கள், ஒரு விமானம்கூடத் தொலையவில்லை. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1944 ஜூனில் லிபரேட்டர்கள் சேர்ந்தன. அவை தரையில் இறங்குபவை, ஆகவே கொக்கலவுக்குப் பதில் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை. நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. 1945 மே 31 அன்று லங்காஸ்ட்ரியன் வந்தது. இங்கிலாந்தின் ஹர்ன், அங்கிருந்து பாலஸ்தீனத்தின் லிட்டா, கராச்சி, இரத்மலானை, ஆஸ்திரேலியாவின் லியர்மன்த், கடைசியில் சிட்னி. கராச்சி வரை பிரிட்டனின் அரசு விமான நிறுவனமான பி.ஓ.ஏ.சி.யின் விமானிகள், அதற்கப்புறம் குவாண்டாஸ் விமானிகள். 1946இல் சிங்கப்பூர் வழி திரும்பத் திறந்ததும் இரத்மலானையின் இந்த முக்கியத்துவம் போய்விட்டது.

அப்போ நம்ம பக்கம் பறந்த டகோட்டாவும் குண்டுவீச்சு விமானமா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது. டகோட்டா பிறந்ததே பயணிகள் விமானமாக, டிசி-3 என்ற பெயரில். போரில் ராணுவம் அதை ஆளும் சாமானும் ஏற்றப் பயன்படுத்தியது, போர் முடிந்ததும் மறுபடி பயணிகளிடம் வந்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குத் தன் முதல் சேவையை ஓட்டியதும் டகோட்டாவில்தான். பிறந்ததிலிருந்தே மனிதர்களுக்கான வடிவம் என்பதால்தான் அது லங்காஸ்ட்ரியனைவிட எத்தனையோ வருடம் அதிகமாக உழைத்தது.

சுவீடன் சண்டையே போடலையே, அவங்ககிட்ட பி-17 எப்படி வந்துச்சு?

ஜெர்மனிமேல் குண்டு போடப் போய் அடிபட்ட அமெரிக்க விமானங்கள் நடுநிலை நாடான சுவீடனில் இறங்கின. சட்டப்படி விமானத்தையும் ஆட்களையும் அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். ஆட்களைத் திருப்பி அனுப்புவது பற்றிப் பேச்சு நடந்தபோது சில பி-17கள் சுவீடனுக்குக் கொடுக்கப்பட்டன. சாப் நிறுவனம் அவற்றில் ஏழு விமானங்களை 14 பயணிகள் ஏறும்படி மாற்றியது. மூக்கை நீட்டி அதில் சாமான் அறை வைத்தார்கள். 1945 ஜூன் 27 அன்று அதில் ஒன்று ஸ்டாக்ஹோமிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது.

ஒரு விமானத்தின் கதையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ‘ஷூ ஷூ பேபி’ என்ற பி-17, 1944 மே 29 அன்று போஸ்னான்மேல் குண்டு போடப் போய் எஞ்சின்கள் பழுதாகி மால்மோவில் இறங்கியது. அமெரிக்கா அதை ஒரு டாலருக்குக் கொடுத்தது. பயணிகள் விமானமாகி டென்மார்க்குக்குப் போனது, பிறகு பிரான்சில் வரைபடத்துக்காகப் படமெடுக்கும் விமானமானது. பல வருடம் கழித்து அமெரிக்காவுக்குத் திரும்பி, 1988 வரை நடந்த பழுதுபார்ப்பில் மறுபடியும் குண்டுவீச்சு விமானமாகவே ஆக்கப்பட்டது.

குண்டு வைக்கிற அறையிலேயே ஆளைப் படுக்க வச்சு கொண்டுபோனாங்கன்னு சொல்றது கட்டுக்கதைதானே?

கட்டுக்கதை இல்லை. ஆனால் இது போருக்குப் பின் அல்ல, போர் நடுவில். 1943 முதல் பி.ஓ.ஏ.சி. சில மஸ்கீட்டோ விமானங்களை ஸ்காட்லாந்தின் லூக்கர்ஸிலிருந்து ஸ்டாக்ஹோமுக்கு ஓட்டியது. நடுவில் ஜெர்மானியர் பிடியில் இருந்த நார்வே. ஆயுதம் கிடையாது, வேகமும் உயரமும்தான் பாதுகாப்பு. போகும்போது தபாலும் செய்தித்தாளும், வரும்போது பிரிட்டிஷ் தொழிற்சாலைகளுக்குத் தேவையான சுவீடன் பால்பேரிங்குகள்.

அவசரமான ஆள் இருந்தால் குண்டு அறையில் கம்பளித் தகடு அடித்து, மெத்தை விரித்து, அதில் படுக்கவைப்பார்கள். படிக்க ஒரு சின்ன விளக்கு, ஆக்சிஜன் முகமூடி, விமானியோடு பேச ஒரு தொடர்பு. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1943 அக்டோபரில் இப்படித்தான் இங்கிலாந்துக்கு வந்தார். தலைக்கவசம் அவருக்குச் சரியாகப் பொருந்தாததால் ஆக்சிஜனைத் திறக்கச் சொன்னது காதில் விழவில்லை, மயங்கிவிட்டார். பதில் வராததைக் கவனித்த விமானி தாழப் பறந்ததால் பிழைத்தார்.

இதெல்லாம் பாதுகாப்பா இருந்துச்சா?

இன்றைய அளவுகோலில் இல்லவே இல்லை. 1920 டிசம்பர் 14 அன்றே ஒரு ஓ/400 லண்டனின் கோல்டர்ஸ் கிரீனில் விழுந்து நான்கு பேர் இறந்தார்கள். 1946 மார்ச் 23 அன்று ஒரு லங்காஸ்ட்ரியன் கொழும்பிலிருந்து கோகோஸ் தீவுகளுக்குப் போகும் வழியில் பத்துப் பேரோடு இந்தியப் பெருங்கடலில் காணாமல் போனது. இன்றுவரை தடயம் கிடைக்கவில்லை. காட்டலினாக்கள் போர்க்காலத்தில் ஒரு சேதமும் இல்லாமல் கடந்த அதே கடல்.

அதிகம் பேசப்படுவது ‘ஸ்டார் டஸ்ட்’ என்ற லங்காஸ்ட்ரியன். 1947 ஆகஸ்ட் 2 அன்று புவனோஸ் ஐரஸிலிருந்து சாண்டியாகோவுக்கு 11 பேரோடு ஆண்டிஸ் மலையைக் கடந்தது. இறங்கப்போகிறோம் என்று செய்தி அனுப்பிவிட்டு, கடைசியில் ‘ஸ்டெண்டெக்’ என்ற புரியாத சொல்லை மோர்ஸ் தந்திக் குறியீட்டில் அனுப்பி மறைந்தது. ஐம்பது வருடம் விதவிதமான கதைகள் உலவின. 1998இல் மலையேறுபவர்கள் துப்புங்காட்டோ சிகரத்தின் பனியாற்றில் ஒரு மெர்லின் எஞ்சினைக் கண்டார்கள். அந்த உயரத்தில் அடித்த கடுமையான எதிர்க்காற்று விமானத்தை மெதுவாக்கிவிட்டது, மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைத்து மேகத்துக்குள் இறங்கி மோதியிருக்கிறார்கள். இப்படித்தான் இன்று புரிந்துகொள்ளப்படுகிறது. விமானத்தின் குறை என்பதைவிட, அந்த உயரத்துக் காற்றைப் பற்றிய அறிவு அன்று போதவில்லை என்பதே சரி.

இவ்வளவு தூரம் பறந்துச்சே, அப்புறம் ஏன் நாலஞ்சு வருஷத்துல ஓரங்கட்டிட்டாங்க?

மேலே சொன்ன ஒன்பது இருக்கைக் கணக்கைப் பாருங்கள். நான்கு பெரிய எஞ்சின் குடிக்கிற பெட்ரோல், ஐந்து பேர் கொண்ட குழு, பராமரிப்பு, எல்லாவற்றையும் ஒன்பது டிக்கெட்டில் எப்படி எடுப்பது? தபால் கட்டணமும் அரசுப் பணமும் இல்லாவிட்டால் ஒரு மாதம் தாங்காது. 1947 டிசம்பரில் குவாண்டாஸ் கான்ஸ்டலேஷன் என்ற பயணிகள் விமானத்தைக் கொண்டுவந்தது. 29 பயணிகள், கேபினுக்குள் காற்றழுத்தம். போட்டியே இல்லை.

கடைசிப் பெரிய வேலை, மேற்கு பெர்லினுக்கான தரைவழிகளை சோவியத் யூனியன் அடைத்த 1948–49 பெர்லின் முற்றுகையில் கிடைத்தது. லங்காஸ்ட்ரியன்கள் எரிபொருள் தொட்டிகளாகப் பறந்தன. ஹாலிஃபாக்ஸின் பயணிகள் வடிவமான ஹால்டனுக்கு வயிற்றுக்குக் கீழே ஒரு பெரிய சாமான் கூடை உண்டு. உப்பு விமானத்தின் உலோகத்தை அரித்துவிடும் என்பதால், பெர்லினுக்கு வேண்டிய உப்பை அந்த வெளிக்கூடையில் வைத்துக் கொண்டுபோனார்கள்.

வைக்கிங், ஸ்ட்ராட்டோகுரூசர், யார்க், இதெல்லாமும் இந்தப் பட்டியல்ல வருமா?

இங்கேதான் கோடு போடுவது சிரமம். யார்க் விமானத்துக்கு லங்காஸ்டரின் இறக்கை, எஞ்சின், வால். ஆனால் உடல் புதியது, சதுரமானது, அகலமானது. முதல் வைக்கிங்குகளுக்கு வெலிங்டன் குண்டுவீச்சு விமானத்தின் வெளி இறக்கை, உடல் புதிது. ஸ்ட்ராட்டோகுரூசருக்கு பி-50 குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையும் வாலும். குண்டுவீச்சு விமானத்தின் உடலுக்குள்ளேயே ஆளை உட்காரவைத்தால்தான் மாற்றிய விமானம் என்பேன். இவை உறவுக்காரர்கள். மனிதர்கள் இருக்கும் பகுதியை மட்டும் புதிதாகச் செய்தால் போதும் என்பதை இவை காட்டின, அதனால்தான் இவற்றில் பயணம் தாங்கும்படி இருந்தது.

ஜெட் வந்த பிறகு இந்தப் பழக்கம் நின்னுடுச்சா?

சோவியத் யூனியனில் நிற்கவில்லை. டியூ-16 ஜெட் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையோடு அகலமான புது உடல் சேர்த்துச் செய்ததுதான் டியூ-104. 1956 செப்டம்பரில் மாஸ்கோ–இர்குட்ஸ்க் வழியில் சேவைக்கு வந்தது. மூக்கில் குண்டுவீச்சு விமானத்தின் கண்ணாடி அப்படியே இருந்தது. மேலே போட்ட கோட்டின்படி இது உறவுக்காரர் வகை. உண்மையான மாற்றம் டியூ-116. டியூ-95 குண்டுவீச்சு விமானத்துக்குள்ளேயே பயணிகள் அறை வைத்து இரண்டே இரண்டு செய்தார்கள்.

இந்திய விமானப்படைகிட்ட லிபரேட்டர் இருந்துச்சே, அதையும் பயணிகள் விமானமா மாத்துனாங்களா?

இல்லை, நேர் எதிர். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் கான்பூரில் லிபரேட்டர்களைக் குவித்து, இனி பறக்கவே கூடாது என்று சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் அந்தக் குவியலிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓரளவு பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, பெங்களூருக்கு ஓட்டிப்போய் முழுதாகச் சீர்செய்தார்கள். நாற்பதுக்கும் மேல் இப்படி உயிர்பெற்றன. 1948 முதல் குண்டுவீச்சு விமானமாகவும் பிறகு கடல் கண்காணிப்புக்கும் 1968 வரை பறந்தன.

ஓய்வு பெற்றபின் சிலவற்றை பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களுக்கு இந்தியா கொடுத்தது. இன்று அங்கே நிற்கும் சில லிபரேட்டர்கள் பெங்களூர்க்காரர்கள் கை பட்டவை. ஒன்று டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.